தயவும் திறைசேரியும்



அரசியல்வாதியின் தயவு ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கையை எப்படி உருவாக்குகிறது? இதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பொருளாதாரம் என்றதுமே பின்வரிசையில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பயப்பட வேண்டாம். வரைபடம் காட்டமாட்டேன், கணக்குப் போடச் சொல்லமாட்டேன். சீனியைப் பற்றிப் பேசுவேன். உர மூட்டையைப் பற்றிப் பேசுவேன். விமானத்தில் ஓர் ஆசனத்தைப் பற்றிப் பேசுவேன். பட்டம் பெற்றும் வேலையில்லாமல் வீதியில் குந்தியிருந்த நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவேன்.

2022ஆம் ஆண்டை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுச் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு, வெயிலில் ஒதுங்கி நின்ற நாட்கள் அவை. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து இந்த நாடு அப்படிச் சொன்னதே இல்லை. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அப்போது சந்திக்குச் சந்தி எழுந்த கேள்வி ஒன்றுதான்: காசை ஆர் களவெடுத்தது?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. களவே நடக்காத நாளிலும், எல்லாம் சட்டப்படி, வர்த்தமானிப்படி, அமைச்சரவை அங்கீகாரப்படி நடந்த நாளிலும், இந்த நாடு தனக்குக் கேடான கொள்கைகளையே ஏன் தேடித் தேடித் தெரிந்தெடுத்தது? நிபுணர்கள் இல்லையா? இருந்தார்கள். எச்சரிக்கை செய்யவில்லையா? செய்தார்கள். பிறகு ஏன்?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் விதிப்படி கிடைப்பதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஒருவருடைய கை கொடுப்பதும், அதே கை நினைத்தால் நிறுத்தக்கூடியதுமான ஒன்றுக்குத்தான் நன்றி பிறக்கிறது. அந்த நன்றிதான் வாக்காக மாறுகிறது, தேர்தல் செலவுக்குப் பணமாக மாறுகிறது. ஆகவே ஆளுகிறவர்கள் கொள்கை வகுக்கும்போது, இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்பதற்கு முன்னால், இதில் என் கையால் கொடுப்பதற்கு என்ன மிஞ்சும் என்று பார்க்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்னக் கேள்வி போதும்: நன்றி யாருக்கு?

எல்லாம் தொடங்குமிடத்துக்கு முதலில் போவோம். ஓர் அரசியல்வாதியின் வீட்டு முற்றம். காலை ஆறரை மணி. வெளியே பிளாஸ்டிக் கதிரைகள் நிரம்பிவிட்டன. மதிலோரமாகவும் ஆட்கள். ஒரு தாய் பொலித்தீன் உறைக்குள் மகனுடைய சான்றிதழ்களின் பிரதிகளை மடிப்புக் குலையாமல் வைத்திருக்கிறார். இணைப்புச் செயலாளர் வெளியே வருகிறார். அவர் மகனுடைய பெறுபேற்றைக் கேட்கவில்லை. "ஆர் அனுப்பினவை அம்மா? எங்கட அமைப்பாளரின்ர கடிதம் கொண்டு வந்தனீங்களோ?" என்றுதான் கேட்கிறார். கடிதம் இருந்தால் உள்ளே போகலாம். உள்ளே போனால் இன்னொரு கடிதம் கிடைக்கும், ஐயாவின் கையெழுத்தோடு. அந்தக் கடிதம் ஒரு திணைக்களத்துக்குப் போகும். அங்கே வெற்றிடம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு கதிரை போடப்படும்.

இந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. முன்கதவு பூட்டியிருக்கும் வீட்டில் பின்கதவைத் தட்டுகிறவரிடம் ஒழுக்கம் போதிப்பது எளிது. முன்கதவை யார் பூட்டினார்கள் என்று கேட்பதுதான் நம் வேலை.

யார் பூட்டினார்கள்? எப்போது பூட்டினார்கள்?

கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசாங்கத்தில் வேலை செய்த தமிழர்கள் சிங்களப் பரீட்சையில் தேறாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். கோடீஸ்வரனின் சம்பள உயர்வும் நின்றது. அவர் எந்த அரசியல்வாதியின் முற்றத்துக்கும் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அவர் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். வழக்குப் போடலாம் என்று 1969இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

ஓர் எழுதுவினைஞர், தன் சம்பளம் தனக்கு உரிமை என்று, அரசின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். அதன் பிறகு என்ன நடந்தது? 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை எடுபட்டது. 1972இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. சுதந்திரமாக இயங்கிய அரச சேவை ஆணைக்குழு இல்லாமல் போனது. நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் எல்லாம் அமைச்சரவையின் கைக்குப் போயின. நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்றும் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

முன்கதவு பூட்டப்பட்ட நாள் அதுதான், நண்பர்களே. தமிழனுக்கு மட்டும் பூட்டியதாக அன்று பலர் நினைத்தார்கள். மொனராகலையில் இருக்கும் சிங்களத் தாயும் அதே நாளிலிருந்துதான் பின்கதவைத் தட்டத் தொடங்கினார். உரிமையை ஓர் இனத்துக்கு மட்டும் எடுத்துவிடலாம் என்று எண்ணிய நாடு, எல்லா இனத்தாருக்கும் அதைத் தயவாக மாற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு வாசல்கள் பெருகின. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் வந்தது. தொகுதியில் எந்த வீதி போட வேண்டும், எந்த மதகு கட்ட வேண்டும் என்பதில் அரசியல்வாதியின் சொல்லுக்கு நிதியும் சேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியது. 168 ஆசனங்களில் 140ஐ வென்று ஐக்கிய தேசியக் கட்சி வந்தது. பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. பழைய தயவு முறை ஒழிந்ததா? தொழில் வங்கி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வேலைக்கான விண்ணப்பப் படிவத்தையே பாராளுமன்ற உறுப்பினர் வழியாகக் கொடுத்தார்கள். படிவத்துக்கே தயவு தேவை! மூடிய பொருளாதாரத்தில் அனுமதிப்பத்திரமாக இருந்த தயவு, திறந்த பொருளாதாரத்தில் ஒப்பந்தமாகவும் வரிச்சலுகையாகவும் உருமாறியது. கொள்கை இடமிருந்து வலத்துக்குப் போனது. கை அதே இடத்தில் இருந்தது.

அந்தக் கடிதத்தால் போடப்பட்ட கதிரைக்கு வருவோம். ஒரு கதிரைதானே என்று தோன்றும். இன்று இந்த நாட்டில் அரச துறையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். மக்கள்தொகை 2 கோடி 20 இலட்சத்தை ஒட்டியது. இவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் நாடு நடக்காது. ஆனால் தேவையைக் கணக்கிட்டு நிரப்பிய இடங்கள் எத்தனை, தேர்தலைக் கணக்கிட்டு நிரப்பிய இடங்கள் எத்தனை? ஒருவருக்கு ஒரு முறை கொடுத்த கதிரைக்கு, நாடு முப்பது ஆண்டு சம்பளமும் அதற்குப் பிறகு ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவரோ அடுத்த தேர்தலோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்.

2021ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி. இந்த மூன்று மட்டும் சேர்ந்தே அரசின் மொத்த வருமானத்தைத் தாண்டிவிட்டன. ஒரு மருந்துக் குளிசை வாங்க முன்னமே, ஒரு பாடசாலைக்குக் கூரை போட முன்னமே, பெட்டி காலி. மிச்சமெல்லாம் கடன். அல்லது அச்சடித்த காசு.

அந்த நிலைக்கு எப்படி வந்தோம்? இங்கேதான் தயவின் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. டிசம்பரிலேயே வரிகள் வெட்டப்பட்டன. பெறுமதி சேர் வரி, நாம் வற் வரி என்கிறோமே அது, 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழித்த வரி நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்ற எல்லையை 30 கோடி ரூபாவாக உயர்த்தினார்கள். 1 கோடி 20 இலட்சம் எங்கே, 30 கோடி எங்கே! தேசிய உற்பத்தியில் 11 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்த வரி வருமானம், 2021இல் 8 சதவீதத்துக்குக் கீழே விழுந்தது. கொவிட்டும் ஒரு காரணம்தான். ஆனால் கொவிட் வருமுன்னரே கூரையைப் பிரித்து வைத்திருந்தது யார்?

இது ஒரு கை. மற்றக் கை என்ன செய்தது? 2020இல் பொதுத் தேர்தல். அதே ஆண்டில் அறுபதாயிரம் பட்டதாரிகளை அரச சேவையில் சேர்க்கும் திட்டம். படிப்புக் குறைந்த வறிய குடும்பத்தவருக்கு ஒரு இலட்சம் வேலை என்று இன்னொரு திட்டம். வருமானத்தை வெட்டிய மாதங்களிலேயே செலவைக் கூட்டினார்கள். எந்தப் பொருளாதாரப் பாடநூலில் இப்படி எழுதியிருக்கிறது? எந்த நூலிலும் இல்லை. பணக்காரருக்கு வரியில் ஒரு தயவு, ஏழைக்கு வேலையில் ஒரு தயவு. இருவரும் நன்றி சொன்னார்கள். திறைசேரிக்காக அழ ஆளில்லை.

பெரிய தொகைகள் ஒரு காதால் ஏறி மறு காதால் போய்விடும். ஆகவே ஒரு கிலோ சீனியை எடுத்துக்கொள்வோம். இறக்குமதிச் சீனிக்கு அப்போது கிலோவுக்கு 50 ரூபா விசேட வியாபாரப் பண்ட வரி. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அந்த வரி 25 சதமானது. 50 ரூபா இருந்த இடத்தில் 25 சதம்! இருநூறில் ஒரு பங்கு. மக்களின் வாழ்க்கைச் செலவைக் குறைக்கவே இது என்றார்கள். நல்ல நோக்கம்தானே? உங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பைக்கு அந்த 50 ரூபா வந்து சேர்ந்ததா? வரி குறைந்தது, கடையில் விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபா, நம் கணக்கில் 1,600 கோடி ரூபா, வருமானம் இல்லாமல் போனது. மக்களுக்கு வராத காசு, அரசுக்கும் போகாத காசு, இடையில் எங்கே தங்கியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது திருட்டை விட ஆழமான ஒன்று. அந்த வரியை ஓர் அமைச்சர் ஒரு கையெழுத்தால் ஒரே இரவில் ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. இன்று இரவு வரி மாறும் என்று தெரிந்தவனுக்குப் பணம், தெரியாதவனுக்கு நட்டம். அப்படியானால் வியாபாரி எதில் முதலிடுவான்? தொழிற்சாலையிலா? அமைச்சரோடு உள்ள நட்பிலா? புதிய இயந்திரம் வாங்கிப் பத்து ஆண்டில் உழைப்பதை, சரியான ஆளைத் தெரிந்திருந்தால் பத்து நாளில் உழைக்கலாம். தயவு ஆளும் நாட்டில் தொழில் முனைவு ஏன் வளரவில்லை என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. புத்திசாலிகள் எல்லோரும் முற்றத்தில் காத்திருக்கிறார்கள்.

அடுத்து, அந்த விமான ஆசனம். ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் நிர்வாகத்தை 1998 முதல் எமிரேட்ஸ் பார்த்து வந்தது. 2007 டிசம்பரில், இலண்டனிலிருந்து திரும்பிய அன்றைய ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கொடுப்பதற்காக, பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய பயணிகளை இறக்கிவிடும்படி கேட்டார்கள். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மறுத்தார். சீட்டு வாங்கியவனுக்கு ஆசனம் என்பது விதி. அவருடைய வேலை விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகியது. பிறகு ஜனாதிபதியின் மைத்துனர் தலைவரானார். அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு குவிந்த நட்டத்தை, விமானத்தின் படிக்கட்டையே மிதித்தறியாத தோட்டத் தொழிலாளியும் கடற்றொழிலாளியும் வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் வரியாகக் கட்டினார்கள். ஒரு நாள் சில ஆசனங்கள். விலை எத்தனை ஆண்டு!

அந்த ஜனாதிபதியின் சொந்த மாவட்டம் அம்பாந்தோட்டை. அங்கே 2010இல் துறைமுகம் திறந்தார்கள். 2013இல் மத்தளையில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். சூரியவெவயில் அவர் பெயரில் கிரிக்கெட் மைதானம். பின்தங்கிய மாவட்டம் முன்னேறக்கூடாதா? தாராளமாக முன்னேறட்டும். ஆனால் இடத்தைத் தெரிந்தெடுத்தது தேவையா, பிறந்த மண்ணா? 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அந்த மாதமே ஸ்ரீலங்கன் விமானங்கள் மத்தளைக்குப் போவதை நிறுத்தின. பின்பு அந்த விமான நிலையத்தின் கட்டடங்களில் நெல் மூட்டை அடுக்கினார்கள். துறைமுகம் 2017இல் 1.12 பில்லியன் டொலருக்கு 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. ஒருவரின் தயவால் எழுந்தது, அவர் போனதும் ஆதரவில்லாமல் நிற்கிறது. தேவையால் எழுந்ததை எந்த ஆட்சியும் பூட்டத் துணியாது.

அந்த ஜனாதிபதியின் குடும்பத்தை மட்டும் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லாட்சி என்ற பெயரோடு வந்தவர்களைப் பார்ப்போம். பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி முறிகளை ஏலம் விட்டது. 100 கோடி ரூபா திரட்டப்போவதாக விளம்பரம். ஏற்றுக்கொண்டதோ ஆயிரம் கோடிக்கு மேல். அதில் பெரும் பங்கைப் பெற்ற நிறுவனம், மத்திய வங்கி ஆளுநரின் மருமகனுடைய குடும்பத்தோடு தொடர்புடையது. ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. கட்சிகள் மாறும், நிறம் மாறும். கையில் கொடுக்கும் அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினால் இதுதான் கிடைக்கும்.

தயவின் இன்னொரு குணத்தை வயலில் பார்க்கலாம். 2005 முதல் 50 கிலோ உர மூட்டையை 350 ரூபாவுக்குக் கொடுத்தார்கள். விவசாயி மகிழ்ந்தார், வாக்களித்தார். 2019இல் உரம் இலவசம் என்றே வாக்குறுதி வந்தது. 2021 மே மாதம் என்ன நடந்தது? இரசாயன உர இறக்குமதிக்கே தடை! ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டார்களா? கமக்காரரைக் கேட்டார்களா? நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் நெல் விளைச்சல் விழுந்துவிட்டது, தேயிலையும் அடிபட்டது. உரிமையாகப் பெற்றதை எடுக்கச் சட்டம் மாற்ற வேண்டும், விவாதம் வேண்டும். தயவாகப் பெற்றதை எடுக்க ஒரு வர்த்தமானி போதும். கொடுத்த அதே கை, அதே வேகத்தில்.

விலையிலும் இதே கதைதான். மின்சாரக் கட்டணத்தை 2014இல் குறைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. எரிபொருளுக்கு 2018இல் ஒரு விலைச் சூத்திரம் வந்தது. உலக விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதற்கு யாரும் மாலை போடமாட்டார்கள், ஆகவே ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டார்கள். மின்சார சபையும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் நட்டத்தை விழுங்கின. அந்த நட்டத்தை இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் கடனாக விழுங்கின. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் ஒரே தடவையில் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. எட்டு ஆண்டுத் தயவின் சிட்டை ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தது.

பணத்தின் காவலில் இருக்க வேண்டிய மத்திய வங்கி என்ன செய்தது? 2021 செப்டெம்பரில் ஆளுநராக வந்தவர், பாராளுமன்ற உறுப்பினராகவும் இராஜாங்க அமைச்சராகவும் இருந்து, அந்தப் பதவிகளை விட்டுவிட்டு நேரே அந்த நாற்காலிக்கு வந்தவர். நாட்டில் டொலர் வற்றிக்கொண்டிருந்தது. ரூபாவை 200ஐ ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் கடன்முறிக்குப் பணம் கட்டினார்கள். மார்ச்சில் பிடி நழுவியது. ஏப்ரலில் நாடு கைவிரித்தது. அமைச்சரிடம் முடியாது என்று சொல்வதற்காகவே இருக்கும் பதவியில், நேற்று வரை அமைச்சராக இருந்தவரையே இருத்தினால், அந்த வார்த்தையை யார் சொல்வது?

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள், ஒரு முன்னாள் நிதி அமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், உயர் அதிகாரிகள், இவர்கள் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையால் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். பெரிய வார்த்தை. எத்தனை நாடுகளில் ஒரு நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கும்? ஆனால் தண்டனை? மனுதாரருக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா. ஒரு நாட்டையே வரிசையில் நிறுத்தியதற்கு அவ்வளவுதான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். தயவு என்பது தெற்கின் நோய், நமக்கில்லை என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. போருக்குப் பிறகு நம் மேடைகளில் கேட்ட பேச்சு என்ன? அரசோடு ஒத்துழைத்தால் வேலை வரும், அமைச்சர் பதவி எடுத்தால் வீதி வரும். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரி வாசலில் நாட்கணக்கில், மாதக்கணக்கில் இருந்தார்கள். தொண்டராசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு நின்றார்கள். அவர்களிடம் போய் நம் தலைவர்கள் சொன்னது, அமைச்சரிடம் பேசுகிறோம் என்பதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அரச வேலையைத் தவிர வேறு தொழில் ஏன் இங்கே இல்லை என்ற கேள்வியை எத்தனை பேர் எழுப்பினார்கள்? நம் பங்குத் தயவை நமக்குத் தா என்று கேட்பது அரசியல் உரிமை ஆகாது. முற்றத்து வரிசையில் ஒரு நல்ல இடம் கேட்பதாகத்தான் அது முடியும்.

அப்படியானால் வழி என்ன? விதி. கையெழுத்தின் இடத்தில் விதி. 2023இல் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்தது. அரசாங்கத்தின் பற்றாக்குறைக்குக் காசு அச்சடித்துக் கொடுப்பதை அது தடுக்கிறது. திறைசேரிச் செயலாளரை வங்கியின் சபையிலிருந்து வெளியே எடுத்தது. 2024இல் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்தது. சமுர்த்தி நிவாரணப் பெயர்ப்பட்டியலில் யார் எந்தக் கட்சி என்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அஸ்வெசும என்ற திட்டத்தில் புள்ளியிட்டுத் தெரிவு செய்கிறார்கள்.

உங்களில் சிலர் எழுந்து கேட்கலாம்: ஐயா, விதி விதி என்கிறீர்கள், அந்த விதியெல்லாம் சர்வதேச நாணய நிதியம் தந்ததுதானே, மின்கட்டணம் ஏறியபோது அடிபட்டது ஏழைதானே, அஸ்வெசுமவில் விடுபட்டவர்களின் மேன்முறையீடு இலட்சக்கணக்கில் போனதே! உண்மை. மறுக்கமாட்டேன். விதிக்கும் கண் தெரியாத நேரம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். விதி பிழைத்தால் விதியைக் காட்டி வாதாடலாம், மேன்முறையீடு போடலாம், கோடீஸ்வரன் போல வழக்குப் போடலாம். தயவு பிழைத்தால் எங்கே போவீர்கள்? மறுநாள் காலை மறுபடியும் அதே முற்றத்துக்குத்தான்.

விதியால் நடப்பது ஏழைக்கு எதிரி என்று எண்ணாதீர்கள். இந்தத் தீவு ஏழைக்குச் செய்த ஆகப் பெரிய நன்மை எது? 1945இல் வந்த இலவசக் கல்வி. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்தார். பாடசாலைக்குப் போகிற பிள்ளையிடம் யாருடைய கடிதம் கொண்டுவந்தாய் என்று அது கேட்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியும் அப்படித்தான். இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் அந்தக் கல்வியில் படித்தவர்கள், நானும் படித்தவன். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக எந்த அரசும் அதை எடுக்கத் துணியவில்லை. ஏன்? அதற்கு நாம் யாருக்கும் நன்றிக்கடன் படவில்லை. அது நமக்குச் சொந்தம்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கும்போது எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் பட்டியல் போடுவார்கள் என்று கேளுங்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வந்து, நான் இத்தனை பேருக்கு வேலை எடுத்துத் தந்தேன் என்று சொன்னால் கைதட்டாதீர்கள். எந்தப் பரீட்சையில், எந்த வெற்றிடத்துக்கு, விண்ணப்பித்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். வரி குறைப்பேன் என்றால், அந்தக் காசு எங்கிருந்து வரும், சட்டத்தாலா குறைப்பீர்கள், வர்த்தமானியாலா என்று கேளுங்கள். வீதி போட்டேன் என்றால், ஏன் இந்த வீதி, ஏன் அந்த வீதி இல்லை என்று கேளுங்கள்.

கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். நம்முடைய வரியை நமக்கே தானமாகத் தந்து, அதற்கு நம்மிடமே மாலை வாங்கிய காலம் போதும். நமக்குரியதைக் கும்பிட்டு வாங்கவேண்டாம், கணக்குக் கேட்டு வாங்குவோம்!